வெண்புருவப் பூங்குருவிக்கு இரண்டாம் சாட்சி

“ரெண்டு பேருல ஒருத்தர்தான் காட்டுக்குப் போகலாமாம், வதனி. நீ போறியா?”

“நீங்களே போங்க.”

“சரி.”

ஆறு வருடங்களுக்கு முன்னால் வேதாரண்யத்து வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு இவ்வளவுதான். ஆனால் மதிவதனி அதை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பாள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஓட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் அந்தச் ‘சரி’ வருகிற இடத்தில் வேறொன்றை வைப்பாள். “அட, சும்மா சொல்லாத, நீயே போ” என்று தென்னவன் சொல்வதாக. “உன் காது இல்லாம அந்தக் காட்டுல நான் போயி என்ன செய்ய?” என்று கேட்பதாக.

பந்தியில் இலையைக் கையால் மறைத்து “போதும்” என்போமே, அவள் சொன்ன “நீங்களே போங்க” அந்த வகை. பரிமாறுகிறவர் இன்னொரு முறை “கொஞ்சம் வச்சுக்குங்க” என்று சொல்ல வேண்டும். உடனே கை விலகும். எந்த ஊரிலும் அப்படித்தான். தென்னவனோ வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

அந்த நாளில் வந்திருந்த உத்தரவு அப்படிப்பட்டது. அதற்குள் உலகத்தில் எல்லாரும் புகைப்படத்தை நம்புவதை நிறுத்தியிருந்தார்கள். டீ கொதிக்கிற நேரத்தில், கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்தின் மேல் தங்க அலகுள்ள மயில் உட்கார்ந்து அகவுகிறமாதிரி யார் வேண்டுமானாலும் படமும் குரலும் செய்துவிடலாம். அதனால் பறவை பார்க்கிறவர்கள் நெற்றியில் விரலகலப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்தது. கண் கண்டது, காது கேட்டது, உடம்பு உணர்ந்தது எல்லாம் நரம்பில் ஓடினபடியே அதில் பதியும். பறவை நிலையத்தில் ஒருவர் அதேபோன்ற பட்டையைக் கட்டிக்கொண்டு, அந்த அரை நிமிடத்தைத் தன் உடம்பில் வாழ்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதை யாராலும் பொய்யாகச் செய்ய முடியாது. அரிய பறவை என்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

இதில்தான் ஒரு சிக்கல் வந்தது. வடக்கே ஒரு கழிமுகத்தில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஓர் அபூர்வப் பறவையைப் பார்த்தார்கள். இரண்டு பதிவும் சுத்தம், துளிப் பொய் இல்லை. பின்னால் பார்த்தால் அது பறவையே இல்லை, காற்றில் புரண்ட ஒரு காய்ந்த இலை. கணவர் பறவை என்று நினைத்துச் சிலிர்த்தார். அவர் சிலிர்த்ததும் பக்கத்திலிருந்த அந்த அம்மாளுக்கும் சிலிர்த்தது. சிலிர்த்த கண்ணுக்கு இலை பறவையாகத் தெரிந்துவிட்டது. பல வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களின் உடம்பு ஒன்றையொன்று முந்திக் கேட்டுவிடுகிறது என்றார்கள். எனவே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே சாட்சி.

கோடிக்காட்டுப் பறவை நிலையத்தில் அப்போது அந்த வகையில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது.

உத்தரவோடு ஒரு சோதனையும் வைத்தார்கள். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு, ஒருவர் முன்னால் திரையில் திடீர் திடீரென்று பறவைகளைக் காட்டுவார்கள். மற்றவர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே நூறு முறை சிலிர்த்தால் இங்கே காரணமே இல்லாமல் எத்தனை முறை சிலிர்க்கிறது என்பது கணக்கு. அதற்கு இணைவு எண் என்று பெயர். தென்னவனுக்கும் வதனிக்கும் எழுபத்தேழு வந்தது. காடு கையைவிட்டுப் போனாலும் அந்த எண் மதிவதனிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எத்தனை பெண்களுக்குத் தங்கள் கல்யாணத்தைப் பற்றி இப்படி எழுத்தில் உண்டு?

அவள் சரிபார்ப்பு அறைக்குப் போனாள். தென்னவனுக்குத் துணைச் சாட்சியாக வேளாங்கண்ணியிலிருந்து ரோஸ்லின் வந்தாள்.

ரோஸ்லினைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். அதுதான் மதிவதனிக்குப் பெரிய கஷ்டம். வாய் நிறையச் சிரிப்பு. தென்னவனை ‘அண்ணே’ என்பாள், இவளை ‘அண்ணி’ என்பாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று ஒரு மனது கேட்கும். பாவம், வேறெப்படிக் கூப்பிடுவாள் என்று இன்னொரு மனது அதட்டும். மாலையில் தென்னவன் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ரோஸ்லின் பெயர் நாலு முறை வந்துவிடும். “ரோஸ்லின் இன்னிக்கு என்ன செஞ்சா தெரியுமா, ஆண்மானைப் பாத்துட்டு மரத்துல ஏறிட்டா!” காலையில் அவள் கட்டுகிற டிபன் கேரியரில் ஓர் அடுக்கு ரோஸ்லினுக்கு. ஆறு வருடமாகத் தன் கணவனோடு காட்டில் உட்காருகிற பெண்ணுக்கும் சேர்த்து எலுமிச்சை சாதம் கிளறுகிறவளை என்னவென்று சொல்வது?

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நிலையத் தலைவர் ஹபீப், தோப்புத்துறைக்காரர், கையில் வடைப் பொட்டலத்தோடு சரிபார்ப்பு அறைக்குள் ஏறக்குறைய ஓடிவந்தார்.

“வதனி! பாலைமரக் காட்டுலேர்ந்து ரெண்டு பதிவு வந்திருக்கும்மா. வெண்புருவப் பூங்குருவின்னு போட்டிருக்கு. அதுவும் பாடுதாம்!”

“இங்கயா? அது பனிக்காட்டுப் பறவையாச்சே சார்.”

“வழி தப்பி வந்திருக்கு. இந்தக் கரையில அதைப் பாத்ததா ஒரு பதிவும் கிடையாது. சீக்கிரம் பாரு. நான் வெளியில வடையைத் தின்னுக்கிட்டு உசிரைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்.”

பதிவுகளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பதினேழு, பதினெட்டு. இன்னார் என்று தெரிந்துவிட்டால் பட்டையைக் கழற்றிவிட்டு ராமேஸ்வரத்திலிருக்கிற இன்னொரு சரிபார்ப்பவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி.

மதிவதனி பதினேழைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

இரண்டு மூச்சுக்குள் தெரிந்துவிட்டது. வலது முழங்காலில் ஒரு குத்தல். மூன்று வருடத்துக்கு முன் உப்பளக் கரையில் வழுக்கி விழுந்த கால். நாக்கு அடிக்கடி போய்த் தொடுகிற பின்பல் ஒன்று. பல்லில் வலி என்று தென்னவன் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் வலிகளையெல்லாம் அவள் இப்படித்தான் அறிந்துகொண்டிருந்தாள், யாரோ ஒருவருடைய பதிவாக, எண் போட்டு.

எப்போதும்போல் உடனே கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

பாலை மரத்து அடி. முன்தினத்து மழையில் நனைந்த சருகு. காரைப் புதருக்குள் இருட்டு. எங்கோ தொலைவில் ஒரு காட்டுக்குதிரை தும்முகிறது. சட்டென்று நெஞ்சுக்குள் ஒரு பூரிப்பு பொங்கியது, குழந்தையைத் தூக்கி மேலே போட்டதுபோல. உடனே புதரின் ஓரத்திலிருந்து அது நடந்து வெளியே வந்தது. ஈரப் பலகை நிறத்தில் உடம்பு. கண்ணுக்கு மேல் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. இலையொன்றைப் புரட்டியது. தலையைச் சாய்த்தது. பிறகு அலகைத் திறக்காமலே, தனக்குத்தானே, யாருக்கும் கேட்கவேண்டும் என்றில்லாமல் பாடியது. மூன்று மெல்லிய இழுப்பு, ஒரு குழைவு, ஒரு நிறுத்தம். மறுபடியும் மூன்று இழுப்பு.

முடிந்தபோது மதிவதனியின் கன்னம் நனைந்திருந்தது. அழுதது அவளா, அவனா என்று தெரியவில்லை.

பிறகுதான் அது உறைத்தது. பூரிப்பு முதலில் வந்தது. பறவை அதற்குப் பின்னால் வந்தது.

மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். கால் நொடி. பறவை கண்ணில் படுவதற்குக் கால் நொடி முன்னால் அவன் உடம்பு மகிழ்ந்துவிட்டது. சருகு அசையவில்லை, சத்தம் இல்லை. எங்கிருந்து தெரிந்தது அவனுக்கு?

பதினெட்டைக் கட்டிக்கொண்டாள். அது ரோஸ்லின். இரண்டடி இடப்பக்கம். புதரின் இடுக்கு அவள் பக்கமாகத் திறந்திருந்ததால் அவளுக்கு முதலில் தெரிந்திருக்கிறது. அவள் மூச்சு நின்றது. அவ்வளவுதான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை காட்டவில்லை. அவள் மூச்சு நின்றதும் இவன் நெஞ்சு பொங்கிவிட்டது.

அன்று காலை மூன்று மணி நேரத்துக்கும் இருவர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இயந்திரத்திடம் இணைவு எண் கேட்டாள். தம்பதியாக இல்லாவிட்டாலும் எண் நாற்பதுக்கு மேல் போனால் இரு சாட்சி இல்லை, ஒரு சாட்சி.

எண்பத்தொன்று.

மதிவதனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியது என்று அவள் மனது அங்கலாய்க்கவில்லை. எழுபத்தேழைத் தாண்டியது என்றுதான் அங்கலாய்த்தது.

வெளியே வந்து ஹபீப் முன் நின்றாள். “சார், பதினேழு அவருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. கழட்டல. அது என் தப்பு. நான் பாத்ததை நீங்க ஒரு தடவை பாருங்க.”

ஹபீப் பார்த்தார். அவருக்கும் எண்பத்தொன்றுதான் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“இது வந்து... தப்பா எடுத்துக்கக் கூடாதும்மா. ஒரே வலையை ரெண்டு பேரு பத்து வருசம் இழுத்தா அவங்களுக்கும் வரும். இது ஆசாபாசம் இல்ல. பழக்கம்.”

“எங்களுக்கு எழுபத்தேழு வந்துச்சே, அது என்ன சார்? அதுவும் பழக்கம்தானா?”

ஹபீப் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். வடைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீ எழுதுனா ரெண்டு பேரும் ஒத்தைச் சாட்சி. பறவை பதிவுல ஏறாது. அவங்க பேரு ரெண்டும் சேத்துப் பொதுப் பதிவேட்டுல வரும். இதுவரைக்கும் அதுல புருசன் பெண்டாட்டி பேருதான் வந்திருக்கு.”

“எழுதலைன்னா?”

“எழுதலைன்னா உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கையெழுத்து உன்னுதும்மா. நான் வற்புறுத்த மாட்டேன்.”

நிலையத்தில் யாருக்குமே வற்புறுத்தத் தெரியவில்லை என்று மதிவதனிக்குத் தோன்றியது. பேனாவை எடுத்தாள். எழுதினால் அது கடமையா, வயிற்றெரிச்சலா? எழுதாவிட்டால் அது பெருந்தன்மையா, பயமா? இரண்டில் எதையும் பிரித்துப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

மதியம் ஜீப் வந்து நின்றது. முழங்கால்வரை சேறும், தலைமுடியில் சருகுமாக ரோஸ்லின் குதித்து இறங்கினாள்.

“அண்ணி! பாத்தீங்களா? பாத்தீங்களா? நான் மூச்சே விடல தெரியுமா? செத்துட்டேன்னு அண்ணன் நினைச்சிருப்பாரு!”

“பாத்தேன்” என்றாள் மதிவதனி. “நீ மூச்சு விடாததையும் பாத்தேன்.”

பின்னால் வந்த தென்னவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். “என்ன வதனி? தள்ளிட்டியா?”

ஹபீப் விஷயத்தைச் சொன்னார். நடுவில் மூன்று முறை “தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். தென்னவன் முதலில் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். ரோஸ்லினுடைய முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது.

“மே மாசம் எனக்குக் கல்யாணம் சார்” என்றாள். “ஜெரோம் வீட்டுல பேப்பர்கூடப் படிக்க மாட்டாங்க. ஆனா இதைத் தேடிப் பிடிச்சுப் படிப்பாங்க. இவரோட எனக்கு எண்பத்தொண்ணுன்னா, ஜெரோமோட எவ்வளவுன்னு கேப்பாங்க. நான் ஜெரோமை வாரத்துக்கு ஒரு தடவைதான் பாக்குறேன். எனக்கு எங்கேர்ந்து வரும்?”

“அது மெஷினு ஏதோ...” என்று ஆரம்பித்தான் தென்னவன்.

“இருங்கண்ணே.” ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணு செய்யலாம். உங்களையும் அண்ணியையும் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. தொண்ணூறு வரும். தொண்ணூத்தஞ்சே வரும். அதுக்குப் பக்கத்துல வச்சா என்னுது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும்ல? வேலைப் பழக்கம்னு எல்லாருக்கும் புரியும்ல? அண்ணி, ப்ளீஸ் அண்ணி.”

மதிவதனிக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ரோஸ்லினுக்காக அல்ல. தொண்ணூறைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே ஆசை வந்துவிட்டது.

முதுகோடு முதுகாக நாற்காலி போட்டார்கள். ஆறு வருடத்துக்கு அப்புறம் அவன் முதுகு அவ்வளவு அருகில். காட்டு மண் வாசனை வந்தது. முதலில் திரை அவன் பக்கம், சுவர் அவள் பக்கம். பிறகு திரை அவள் பக்கம், சுவர் அவன் பக்கம். அறையில் நாலு பேருடைய மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. சிட்டு, மைனா, மரங்கொத்தி, நாரை என்று திரையில் வந்து வந்து போயின. நெஞ்சில் ஏதாவது அசைந்தால் அது அவனிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று அவள் ஒவ்வொரு அசைவையும் நம்பினாள்.

முடிந்ததும் ஹபீப் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். “மெஷின் சூடாயிருச்சு போல. நாளைக்குப் போடுவோமா?”

“கையை எடுங்க சார்” என்றாள் மதிவதனி.

பத்தொன்பது.

பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த இருவருக்கே இருபது வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கீழே இன்னும் சின்ன எழுத்தில் பிரித்துக் காட்டியிருந்தது. அவனுடைய சிலிர்ப்பு முப்பத்தொரு முறை அவளை எட்டியிருக்கிறது. அவளுடையது அவனை எட்டினது ஏழு முறை.

“என்னாலயா அண்ணி?” என்று ரோஸ்லின் கேட்டாள், குழந்தை மாதிரி.

“சேச்சே. நீ என்ன செஞ்ச?”

அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. சொல்லும்போதே அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறு வருடமாக விடிந்தால் அவன் காட்டுக்குப் போகிறான். இவள் ஓர் இருட்டறைக்குள் போய், முன்பின் தெரியாதவர்களின் மகிழ்ச்சியையெல்லாம் அரை அரை நிமிடமாக வாழ்ந்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது தன்னுடையது எதுவும் மிச்சமில்லாமல் வருகிறாள். அவனை எட்டுவதற்கு அவளிடம் சிலிர்ப்பென்று என்ன இருந்தது?

தென்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ பதிவில் இரண்டு மூச்சு நேரம் அவன் உடம்பாக இருந்திருக்கிறாள். இந்த நிமிடம் அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹபீப்தான் தொண்டையைச் செருமினார். “ஒரு விஷயம் இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு தெரியல. தம்பதின்னா ஒரே சாட்சிங்கிற விதியைப் போன வருசமே மாத்திட்டாங்க. இப்ப தாலியைப் பாக்குறதில்ல, எண்ணைத்தான் பாக்குறாங்க. நாப்பதுக்குக் கீழ யாரா இருந்தாலும் ரெண்டு சாட்சி. உங்களைப் போட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. எழுபத்தேழுல்ல, எங்க குறையப் போகுதுன்னு இருந்துட்டேன்.” அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப நீங்க ரெண்டு பேரும் ரெண்டு சாட்சி.”

“அப்படின்னா?” என்றான் தென்னவன்.

“வாடை திரும்புறவரைக்கும் பறவை இங்கதான் இருக்கும். ரெண்டு மூணு நாளு. ஒருத்தர் பதிவை அவரே திரும்ப வாங்கிக்கிட்டார்னா, சரிபாக்குறவங்க கையெழுத்து விழுறதுக்கு முன்னாடி, அது கணக்குலயே வராது. எண்பத்தொண்ணும் வராது. இன்னொரு சாட்சி போயிப் பாத்துட்டு வந்தா, மிச்சமிருக்குற பதிவோட சேத்து ராமேஸ்வரத்துக்கு அனுப்பிடலாம். பறவை ஏறிடும்.”

ரோஸ்லினுக்குச் சட்டென்று புரிந்தது. “நான் வாங்கிக்கிறேன் சார் என்னுதை. எனக்குப் பறவை வேணாம். அண்ணனும் அண்ணியும் போகட்டும்.”

“வதனி!” தென்னவன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் அவளை முதன்முதலில் உப்பளக் கரைக்குப் பூநாரை பார்க்கக் கூட்டிப்போன நாளில் இருந்த வெளிச்சம். “நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் போவோம். பழையபடி. நீ கேளு, நான் பாக்குறேன். இந்தப் பத்தொம்பதையெல்லாம் ஒரு மாசத்துல தூக்கிடலாம், பாத்துக்கிட்டே இரு.”

எவ்வளவு நல்லவன் என்று நினைத்தாள் மதிவதனி. எவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறான். ஒரு நிமிடம் அவளுக்குக் கால் தரையில் இல்லை.

பிறகு அந்தக் கணக்கு அவளுக்கே தெரிந்தது. ஒன்றாகப் போவார்கள். பத்தொன்பது முப்பதாகும். முப்பது நாற்பதாகும். அவர்கள் மறுபடியும் நன்றாக ஆகிற நாளில் ஹபீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து, ரெண்டு பேருல ஒருத்தர்தான் போகலாம் என்பார். தென்னவன் ஒரு முறை கேட்பான்.

“ஏங்க” என்றாள். “காலையிலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. ஆறு வருசமாவே எரியுது. இவ மேலதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“வதனி, இங்க பாரு, எனக்கும் ரோஸ்லினுக்கும்...”

“இவ மேல இல்லீங்க. உங்க மேல.”

“என் மேலயா?”

“நான் கேக்க வேண்டிய பாட்டையெல்லாம் நீங்க கேட்டுட்டு வந்தீங்க. நான் பாக்க வேண்டியதை நீங்க பாத்தீங்க. இன்னிக்கு அது பாடினதைக்கூட உங்க காதுல உக்காந்துதான் கேட்டேன். மூணாவது இழுப்புல ஒரு சின்ன நெளிவு ஆரம்பிச்சுது. நீங்க அதைக் கவனிக்கவே இல்ல. உங்க காது அதைத் தாண்டிப் போயிருச்சு. திரும்பிப் போயிக் கேக்கலாம்னா உங்களுக்குக் கேக்காதது எனக்கும் கேக்கல.”

தென்னவன் திகைத்துப் போய்ப் பார்த்தான். ரோஸ்லின் ஹபீப்பின் கையிலிருந்த வடையை அவருக்கே தெரியாமல் எடுத்துக் கடித்துவிட்டு, கடித்ததை மெல்லாமல் நின்றாள்.

“நீதானே என்னைப் போகச் சொன்ன?” என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாதவனுடைய கேள்வி அது. “நீ போறியான்னுதானே நான் முதல்ல கேட்டேன்?”

“கேட்டீங்க. ஒரு தடவை கேட்டீங்க. இன்னொரு தடவை கேப்பீங்கன்னு அடுப்பை அணைச்சிட்டு நின்னேன்.”

அவன் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சமையலறை அவனுக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறதுபோல் இருந்தது.

“ரோஸ்லின் பதிவு இருக்கட்டும்” என்றாள் மதிவதனி ஹபீப்பிடம். “முதல்ல பாத்தது அவதான். எனக்கும் அவளுக்கும் எண்ணு எவ்வளவு வரும்?”

“பத்துகூட வராதும்மா. நீங்க சேந்து ஒரு நாளாவது உக்காந்திருக்கீங்களா?”

“எலுமிச்சை சாதத்துக்கே அஞ்சு வரும் சார்” என்றாள் ரோஸ்லின், வடையும் அழுகையும் சிரிப்புமாக.

மதிவதனி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் வாழ்நாளில் மறுபடி கிடைக்காத பறவை அது. பெயர் பதிவேட்டில் ஏறினால் பேரன் காலம்வரை இருக்கும். அதைத்தான் கேட்கப்போகிறாள். மறுபடியும் வாய்வரை வந்தது, ‘பரவாயில்ல, நீங்களே போங்க.’ சின்ன வயதிலிருந்து நாக்குக்குப் பழகின வாக்கியம், யோசிக்காமலே வந்துவிடும். அவனாகப் புரிந்துகொண்டு கொடுக்கட்டும் என்று இன்னும் ஒரு நிமிடம் காத்திருக்கலாம். எழுபத்தேழு இருந்த நாளிலேயே அவனுக்குக் கேட்கவில்லை. ஏழில் எங்கே கேட்கப் போகிறது? வாயைத் திறந்துதான் சொல்லவேண்டும்.

“உங்க பதிவைத் திரும்ப வாங்கிக்குங்க” என்றாள். “நாளைக்கு நான் போறேங்க. நீங்க வீட்டுல இருங்க.”